பொதி போகுது, பதில் வரேல்லை: மெயின்பிரேம் ரவுட்டிங் கேள்வி பதில்

வவுனியாவிலிருந்து: அக்கா, புது எல்பாருக்கு (மெயின்பிரேமைப் பிரிச்சு எடுத்த, தனி மெஷின் மாதிரி ஓடுற பகுதி) 10.20.30.70 முகவரி, 255.255.255.192 மாஸ்க், கேட்வே 10.20.30.1 குடுத்தம். ஓஎஸ்ஏ கார்ட் (மெயின்பிரேமின்ர நெற்வேர்க் கார்ட்) ரெடி எண்டு காட்டுது. வெளியில ஒண்டுக்கும் பிங் போகுதில்லை.

பதில்: கார்டையும் கேபிளையும் விடுங்கோ தம்பி. அந்த மாஸ்க் கடைசி எண்ணை 64, 64 ஆப் பிரிக்கும்: 0–63, 64–127, 128–191, 192–255. உங்கட 70 ரெண்டாவது துண்டு, கேட்வே முதலாவது. நேர தொட ஏலாத கேட்வேயால பிரயோசனமில்லை. அதுக்காக மாஸ்க்கை 255.255.255.0 ஆக்கிப்போடாதேங்கோ. பிறகு மற்றத் துண்டுகளில இருக்கிற மெஷின்களைப் பக்கத்தில இருக்கெண்டு நினைச்சு ஏஆர்பியில (பக்கத்து மெஷினின்ர கார்ட் முகவரியைக் கேக்கிற முறை) தேடும், ஒருத்தரும் பதில் சொல்லாயினம். எந்தத் துண்டு உங்களுக்கெண்டு நெற்வேர்க் ஆக்களைக் கேளுங்கோ. அநேகமா கேட்வே 65 ஆ இருக்கும்.

முல்லைத்தீவிலிருந்து: ஓஎஸ்ஏ முகவரிக்குப் பிங் போகுது, விப்பாவுக்கு (மெய்நிகர் ஐபி முகவரி) போகுதில்லை. ஹோம் லிஸ்டில (எங்கட முகவரிப் பட்டியல்) விப்பா இருக்குது.

பதில்: உங்கட பக்கம் சரி. விப்பா எந்தக் கார்டிலயும் ஒட்டாத முகவரி. அது வேற சப்நெற்றில இருந்தா, அங்க போற வழி பக்கத்து ரவுட்டருக்குத் தெரிஞ்சிருக்க வேணும். மாங்குளம் சந்தியில முல்லைத்தீவுப் பக்கம் காட்டுற பலகை இல்லாட்டி, ஏ9 இல வாற புது ஆள் நேர போயிடுவார், அந்த மாதிரித்தான். ரவுட்டரில ஒரு ஸ்டாட்டிக் ரவுட் (கையால எழுதி வைக்கிற வழி) போடலாம், ஆனா அது ஒரு ஓஎஸ்ஏயை மட்டும் காட்டினா அந்தக் கார்ட் விழ விப்பாவும் விழும். விப்பா வைச்சதே அதைத் தவிர்க்கத்தானே! ஓஎம்பிரவுட்டை (மெயின்பிரேமில ரவுட்டுகளை அறிவிக்கிற புரோகிராம்) ஓட்டி ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள்ள வழி சொல்லுற முறை) மூலம் அறிவிக்கிறதுதான் என்ர விருப்பம்.

கிளிநொச்சியிலிருந்து: ஒபேஃபைலில (ஓடிக்கொண்டிருக்கேக்கயே நெற்வேர்க் அமைப்பை மாத்திற ஃபைல்) ஒரேயொரு ரவுட் சேர்த்தன். மற்ற எல்லா ரவுட்டும் காணாமப் போச்சுது!

பதில்: கனபேர் விழுற குழி இது. ஒபேஃபைலில பிகின்ரவுட்ஸ் (ரவுட் பட்டியல் தொடங்கிற வரி) வந்தா, இருக்கிற ஸ்டாட்டிக் ரவுட்டுகளோட அது சேராது. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் தான் சொல்லுறதை மட்டும் வைக்கும். அதால பழையது, புதுசு எல்லாத்தையும் ஒரே பிகின்ரவுட்ஸ், எண்ட்ரவுட்ஸுக்குள்ள எழுதுங்கோ. தொட முதல் நெற்ஸ்டாட் ரவுட் (இப்ப இருக்கிற ரவுட்டுகளைக் காட்டுற கட்டளை) வெளியீட்டைக் கட்டாயம் எடுத்து வையுங்கோ. இப்பவும் அந்த வெளியீடு இருந்தா அதைப் பாத்து திருப்பி எழுதலாம். இல்லாட்டி புரொஃபைல் டேட்டாசெட்டில (நெற்வேர்க் மென்பொருளான டிசிபிஐபி எழும்பேக்க வாசிக்கிற ஃபைல்) பாருங்கோ. இன்னொண்டு: வீட்டில இருந்து ரிமோட்டா வேலை செய்யிற எங்களுக்கு அந்த 3270 செஷனே (மெயின்பிரேம் திரை) அழியப்போற ரவுட்டாலதான் வரும். எச்எம்சி கொன்சோலுக்கு (மெயின்பிரேமை நேர கட்டுப்படுத்திற மெஷின்) பக்கத்தில ஒராள் இல்லாம இதைச் செய்யாதேங்கோ. சரிவந்த பிறகு புரொஃபைலிலயும் எழுதுங்கோ, இல்லாட்டி அடுத்தமுறை டிசிபிஐபி எழும்பேக்க மாற்றம் இருக்காது.

மாங்குளத்திலிருந்து: லொகின் ஆகுது, பிங் போகுது. பெரிய ஃபைல் எஃப்டிபி பண்ணினா அப்பிடியே நிக்குது.

பதில்: எம்டியு, அதாவது ஒரு பொதியின்ர ஆகக்கூடின அளவு, அதுதான் பிரச்சினை. ரவுட் வரியில 8992 எண்டு இருக்கும், நடுவில ஒரு இடம் 1500 தான் விடும். பொதி பெரிசெண்டு சொல்லி வாற ஐசிஎம்பி செய்தியை ஃபயர்வோல் மறிச்சா அனுப்பினவருக்கு ஒண்டும் தெரியாது. துண்டாக்காமல் 1472 பைட் பிங் போய் 1473 போகாட்டி, தலைப்பு 28 பைட்டோட சேர்த்துப் பாதை 1500.

அறிவியல் நகர் மாணவி: வீட்டில பழக வழி இருக்கா அக்கா? ஹெர்குலிஸில (சாதாரணக் கணினியில மெயின்பிரேம் மாதிரி ஓடுற மென்பொருள்) லினக்ஸ் போட்டன். என்ர லப்டொப்பில இருந்து போகுது, அறைச் சினேகிதியின்ர லப்டொப்பில இருந்து போகுதில்லை.

பதில்: நல்ல வேலை தங்கச்சி. சிடிசிஐ எண்டது உங்கட லப்டொப்புக்கும் ஹெர்குலிஸுக்கும் இடையில மட்டும் இருக்கிற இணைப்பு. லப்டொப்பில ஐபி ஃபோர்வர்டிங்கை (வந்த பொதியை மற்ற மெஷினுக்குக் கடத்திற வசதி) 1 ஆக்குங்கோ. பிறகு ஹெர்குலிஸ் முகவரிக்கு உங்கட லப்டொப்தான் வழியெண்டு சினேகிதியின்ர மெஷினில ஒரு ரவுட் போடுங்கோ. உள்ள இருக்கிற லினக்ஸிலயும் டிஃபோல்ட் ரவுட் உங்கட லப்டொப்பைக் காட்டுதோ எண்டு பாருங்கோ, பதில் அந்த வழியாத்தான் திரும்ப வேணும்.