பெரிய ப்ளேன் இருந்தா நம்மூருக்கு டைரக்ட் ஃப்ளைட் வந்துடுமா? கேளுங்க, சொல்றேன்

கேள்வி: அண்ணே, ஏர்பஸ்ஸோட ஏ380 எவ்ளோ பெரிய ப்ளேன், அதை வச்சு எல்லா ஊருக்கும் டைரக்டா விடலாமே, ஏன் செய்றதையே நிறுத்திட்டாங்க?

பறக்கும், தம்பி, ஆனா நிரப்பணுமே! 500 சீட்டுக்கு தினமும் ஆள் வேணும்னா துபாய், லண்டன் மாதிரி ஊர்லதான் கிடைக்கும், அதுவும் எமிரேட்ஸ் நாலு திசையில இருந்தும் ஜனங்களை துபாய்க்குக் கொண்டுவந்து சேர்த்து அங்கருந்து ஏத்தி அனுப்புது. 251 ப்ளேனோட 2021ல கதை முடிஞ்சுது. போயிங் 787 அதுல பாதி சைஸ், ரெண்டே இன்ஜின், ஆனா 14,000 கிலோமீட்டர் போகும், அதனாலதான் 2012ல ஜப்பான் ஏர்லைன்ஸ் தைரியமா டோக்கியோ–பாஸ்டன் ஆரம்பிச்சுது.

கேள்வி: சிங்கப்பூர்–நியூயார்க் ஃப்ளைட்ல எகானமியே இல்லையாமே, கொள்ளையா?

கொள்ளை இல்லைங்க, எடை. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் எரியுது, மலைக்கோயிலுக்குத் தண்ணிக் குடம் தூக்கிட்டுப் போறவன் வழியிலயே பாதியைக் குடிச்சுத் தீர்க்கிற கதைதான். முன்னாடி நாலு இன்ஜின் ஏ340-500ல விட்டுப் பார்த்துட்டு 2013ல நிறுத்திட்டாங்க. 2018ல ரொம்ப தூரம் போறதுக்குன்னே செஞ்ச ஏ350 யுஎல்ஆர் வந்தப்போ டாங்க் கொள்ளளவை 1,41,000 லிட்டர்ல இருந்து 1,65,000 ஆக்கினாங்க, அந்த எடைக்கு ஈடா சாதாரண ஏ350ல 253 சீட்டு போடுற அதே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இதுல 161தான் போட்டுது. 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி (எகானமியை விடக் கொஞ்சம் வசதியான சீட்டு). ஆள் குறைஞ்சா டிக்கெட் ஏறத்தான செய்யும்?

கேள்வி: ஒத்த நடைபாதை ப்ளேன்ல அட்லாண்டிக் தாண்டுறாங்களாமே, பயம் இல்லையா?

பயம் வேண்டாம். ஒரு இன்ஜின் நின்னாலும் இன்னொண்ணை வச்சே பக்கத்து ஏர்போர்ட் போய்ச் சேர்ற தூரத்துக்குள்ளதான் ரூட் போட அனுமதி. நீங்க சொல்ற ஒத்த நடைபாதை ப்ளேன் ஏ321 எக்ஸ்எல்ஆர், 2024 நவம்பர்ல ஸ்பெயினோட ஐபீரியா ஏர்லைன் மூலமா மாட்ரிட்–பாஸ்டன் போக ஆரம்பிச்சாச்சு, 182 சீட்டுதான், நிரப்புறது சுலபம். பாத்ரூம் க்யூவுக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.

கேள்வி: சென்னை–அமெரிக்கா எப்போ சார்?

நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர், போற ப்ளேன் எல்லாம் இருக்கு. 2021ல பெங்களூர்–சான் பிரான்சிஸ்கோவே ஏர் இந்தியா 777ல விட்டாங்களே. என் கணிப்பு, அங்க கம்பெனி காசுல பிசினஸ் கிளாஸ் ரொம்பும், நம்ம ஆளுங்க டல்லாஸ், நியூஜெர்சின்னு சிதறிக் கிடக்கிறோம், போதாததுக்கு தோஹா வழியா பத்தாயிரம் கம்மின்னா அதுலதான் ஏறுவோம்.

கேள்வி: அப்போ எக்ஸ்எல்ஆர்ல திருச்சி–லண்டன்?

ஆசை நல்ல ஆசை. ரேஞ்ச், அதாவது நிறுத்தாம போற தூரம், 8,700 கிலோமீட்டர், திருச்சி–லண்டன் தூரம் 8,300க்கு மேல. ஆனா அந்த 8,700 பேப்பர்ல இருக்கிற கணக்கு, எதிர்க்காத்து, சுத்துவழி எல்லாம் கழிச்சா சீட்டு கொஞ்சத்தைக் காலியா விட வேண்டி வரலாம், அதுக்கு எந்த ஏர்லைனும் லேசுல வராது.