பறவை மனிதனுக்கு இடம் உண்டா?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் நால்வருக்காக, மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நானே ஓர் உலகத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் பதிப்பு விதிகள். வரைபடம், அரச வம்சம், 300 வருடங்களுக்கு முன் நடந்து வரலாற்றிலிருந்தே மறைக்கப்பட்ட ஒரு போர், எல்லாம் தயார். பிளேயர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய இனங்களின் பட்டியல் மட்டும் 23-க்குப் போய் நிற்கிறது. எதைத் தூக்குவது? ஒரு நண்பர் ஆராகோக்ரா என்ற பறக்கும் பறவை மனிதன்தான் வேண்டும் என்கிறார். மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வாரோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியலை விடுங்கள், அந்தப் போருக்கு வருவோம். 2014-இன் விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கின்படி, நீளக்காது வனவாசியான எல்ஃப் 750 வயதுவரை வாழலாம். உங்கள் போரில் வாள் பிடித்தவர் இன்னும் நடுவயதில் கடைத்தெருவில் உட்கார்ந்திருப்பார். முதல் நாளே ஒரு பிளேயர், "எங்கம்மாவைக் கேட்டா தெரியுமே" என்பார். ரகசியம் அங்கேயே காலி. எல்ஃபைத் தூக்கலாம், ஆயுளைக் குறைக்கலாம், அல்லது எல்ஃப்கள் ஏன் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதையே கதையாக்கலாம். நானாக இருந்தால் மூன்றாவதுதான்.

மற்ற 22-ஐயும் இப்படியே விசாரியுங்கள். இது இருப்பதால் உலகத்தில் என்ன மாறுகிறது? ஒன்றும் மாறவில்லை, காது மட்டும் நீளம் என்றால் அடித்துவிடலாம்.

இதே ஆட்டத்துக்காக 1991-இல் வந்த டார்க் சன் என்ற கற்பனை உலகம் இதைத் தயவுதாட்சண்யமில்லாமல் செய்தது. அதன் ஆதஸ் உலகம் பாலைவனம். இரும்பு அபூர்வம், தெய்வங்கள் இல்லை. நோம் என்ற குட்டி மனிதர்களும் ஆர்க் என்ற முரட்டு இனத்தவரும் பூண்டோடு அழிக்கப்பட்டுவிட்டார்கள். எல்ஃப்கள் காட்டில் பாடிக்கொண்டிருக்கவில்லை. மணலில் நாள்கணக்கில் ஓடும் நாடோடிகள், வியாபாரம் பாதி, திருட்டு பாதி. மற்ற உலகங்களில் சாதுவான ஹாஃப்லிங் என்ற சின்ன மனிதர் இங்கே மனிதக்கறி தின்கிறார். தாடிக்குப் பேர்போன குள்ளர் ட்வார்ஃபுக்கு இங்கே தாடி இல்லை, ஆனால் எடுத்த காரியத்தை முடிக்காமல் செத்தால் பேயாக அலைவார். த்ரி-க்ரீன் என்ற கும்பிடுபூச்சி மனிதர்களுக்குத் தூக்கமே கிடையாது, ராக்காவலுக்கு அவர்கள்தான். ஒவ்வொன்றையும் அந்த வெயில்தான் வடித்திருக்கிறது.

இருட்டுப் பார்வையையும் கவனியுங்கள். 2014 புத்தகத்தின் 9 இனங்களில் மனிதர், ஹாஃப்லிங், டிராகன்பார்ன் (டிராகன் உருவ மனிதர்) தவிர மற்ற எல்லோருக்கும் குறைந்தது 60 அடிவரை இருட்டில் கண் தெரியும். எத்தனை பந்தம் மிச்சம் என்று எண்ணிக்கொண்டே குகைக்குள் இறங்கும் பயம் உங்களுக்குப் பிடிக்குமென்றால், அந்த 6 இனங்களையும் ஒன்றுக்கு இரண்டுமுறை யோசியுங்கள். (எனக்குப் பிடிக்கும். என் மேசையில் பெரும்பாலும் மனிதர்கள்தான்.)

இப்போது உங்கள் நண்பர். 2015-இல் வந்த விதிப்படி ஆராகோக்ரா முதல் லெவலிலேயே, அதாவது ஆட்டத்தின் முதல் படியிலேயே, 50 அடி வேகத்தில் பறக்கும். மந்திரவாதியான விஸார்டுக்கே பறக்கும் மந்திரம் ஐந்தாம் லெவலில்தான் வருகிறது. அதுவரை நீங்கள் பாடுபட்டு வைக்கும் பள்ளம், ஆறு, செங்குத்துப் பாறை எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. அதைவிட, பறக்கிறவர்கள் இருக்கும் நாட்டில் கோட்டைக்கு மதில் எதற்கு? உங்கள் வரைபடத்திலோ மதில் சூழ்ந்த நகரங்கள்தான் இருக்குமென்று நினைக்கிறேன். முற்றங்களுக்கு மேல் வலை கட்டி, கூரைதோறும் வில்லாளிகளை நிறுத்தத் தயாரென்றால் தாராளமாகக் கொடுங்கள். உலகத்துக்கே ஒரு களை வரும். இல்லாவிட்டால் ஐந்தாம் லெவல்வரை மேலிருந்து சறுக்கி இறங்க மட்டும் முடியும் என்று பேசி முடியுங்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தன் பாத்திரத்தின் விவரத்தாளான கேரக்டர் ஷீட்டை எழுதி, படமும் வரைந்து முடித்தபின் சொன்னால்தான் சண்டை வரும்.