சமந்தாவுக்கு ஃபெலிசிட்டியின் கவுனைப் போடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கராஜ் சேலில் பழைய 'அமெரிக்கன் கேர்ள்' சமந்தா பொம்மை கிடைத்தது. அதற்கு அதே வரிசையில் வந்த இன்னொரு பொம்மையான ஃபெலிசிட்டியின் நீல கவுனைப் போட வேண்டும் என்று மகள் அடம்பிடித்தாள். ஒருவரிடம் வாங்கிப் போட்டுப் பார்த்தால் கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி தெரிகிறது. பொம்மை விற்பவர் ஒருவர், "இது பழுது, உடம்பை மாற்றித் தருகிறேன்" என்கிறார். என்ன செய்வது? வேறு பாத்திரத்தின் உடுப்பைப் போட்டால் மதிப்பு குறையுமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள், மதிப்பு குறையாது. சமந்தாவின் சொந்த உடுப்பை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். இந்தப் பொம்மைகள் ஒவ்வொன்றும் ஒரு கதையின் பாத்திரம்: சமந்தா 1904-ஆம் வருஷத்துப் பெண், ஃபெலிசிட்டி 1774-இல் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்கில் வாழ்ந்தவள். நடுவில் 130 வருஷம் இருந்தால் என்ன? கதைப்படி ஃபெலிசிட்டியே கடையில் ஒரு பொம்மை உடுத்தியிருந்ததைப் பார்த்துத்தான் அந்த நீல கவுனுக்கு ஆசைப்பட்டாள்.

வெள்ளைத் துணி பழுதே இல்லை. 1986-இல் பிளெசன்ட் கம்பெனி கிர்ஸ்டன், சமந்தா, மாலி என்று மூன்று பொம்மைகளைக் கொண்டுவந்தது. தலையும் கைகால்களும் வினைல், நடு உடம்பு பஞ்சடைத்த வெள்ளைத் துணி. மூவருக்கும் கழுத்து மூடிய உடுப்பு என்பதால் யார் கண்ணிலும் படவில்லை. 1991-இல் ஃபெலிசிட்டி வந்தாள். பதினெட்டாம் நூற்றாண்டு கவுனுக்குக் கழுத்து அகலம், வெள்ளை எட்டிப் பார்க்கும். அதனால் உடம்புத் துணியையே தோல் நிறத்துக்கு மாற்றினார்கள். உங்களிடம் இருப்பது அந்த மாற்றத்துக்கு முந்தின சமந்தா. சேகரிப்பவர்கள் தேடி அலைவதே இதைத்தான். உங்கள் வியாபாரிக்கு இது நன்றாகவே தெரியும். மாற்றக் கொடுத்தால் உங்களுக்கு இரண்டு பொம்மைகளின் ஒட்டு வந்து சேரும், வெள்ளை உடம்பு அவர் கடையில் தங்கிவிடும். கொடுக்காதீர்கள். சாயம் தோய்க்கவும் வேண்டாம்.

கழுத்தை மறைக்க வழி அந்தக் காலத்திலேயே இருக்கிறது. அன்றைய பெண்கள் மெல்லிய வெள்ளைக் கைக்குட்டையைக் கழுத்தைச் சுற்றி கவுனுக்குள் செருகிக்கொள்வார்கள். வீட்டில் பழைய மல் வேட்டி இருந்தால் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டிச் செருகுங்கள். அந்த நூற்றாண்டில் இந்திய மஸ்லின் கப்பலேறி மேற்கே போனது, அதனால் சரித்திரப்படியும் தப்பில்லை. சமந்தாவின் நெற்றி முடி உறுத்தினால் ஒரு வெள்ளைத் தொப்பி போதும்.

கவுன் அசல்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். உள்பக்கம் தைத்த லேபிள் இருக்கிறதா? லேபிளின் படமே போடாமல் 'அசல், அரியது' என்று எழுத விடும் ஏலத் தளங்களை என்ன சொல்ல! பிளெசன்ட் கம்பெனியை 1998-இல் மேட்டல் என்ற பெரிய பொம்மை நிறுவனம் வாங்கியது. அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒரு பாத்திரத்துக்கு 'ஓய்வு' என்று அறிவித்து நிறுத்துவார்கள், வெளியே விலை எகிறும், பிறகு அவர்களே திரும்பக் கொண்டுவருவார்கள். சமந்தா 2014-இல் வந்தாள், ஃபெலிசிட்டி 2017-இல் வந்தாள். எல்லாம் 18 அங்குலம் என்றே எழுதியிருக்கும். ஆனால் மேட்டல் காலத்துப் பொம்மைகளுக்கு உடம்பு ஒல்லி. அவற்றுக்குத் தைத்த கவுன் உங்கள் குண்டு சமந்தாவுக்கு முதுகில் இழுக்கும். இழுத்தால் விட்டுவிடுங்கள். பின்கழுத்தில் 'பிளெசன்ட் கம்பெனி' என்று அச்சிருப்பதைக் காட்டி மேட்டலுக்கு முந்தியது என்பார்கள், நம்பாதீர்கள். மேட்டல் வாங்கிய பிறகும் சில காலம் அதே அச்சுதான். உடம்புத் துணியின் நிறத்தைப் பாருங்கள்.

லேபிள் இல்லாத மலிவு கவுனாக இருந்தால் ராத்திரி கழற்றி வையுங்கள், அடர்ந்த சாயம் வினைலில் ஏறிவிடும். கறை பட்டுவிட்டது என்று பொம்மையைத் தண்ணீரில் முக்காதீர்கள், கண்ணுக்குள் இருக்கும் உலோகம் துருப்பிடிக்கும்.