பிலிப்பைன்ஸ்–மெக்சிகன் கலவை உணவகம்: நம்பிப் போகலாமா, என்ன வாங்கலாம்?

புதிதாக சான் பிரான்சிஸ்கோ பக்கம், பே ஏரியா வந்திருக்கிறீர்கள், ஆபீஸ் பக்கத்தில் இப்படி ஒரு கடை இருக்கிறது, இது சும்மா கூட்டம் சேர்க்கச் செய்த கலவையா, நம்ம நாக்குக்கு எது ஒத்துவரும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள். பன்றிக்கறி சாப்பிடுவீர்கள் என்றால் முதலில் சிசிக் பரிட்டோ, அதாவது சிசிக் என்கிற கறியை மெல்லிய ரொட்டியில் வைத்துச் சுருட்டியது. மற்றதெல்லாம் அப்புறம்.

சிசிக், பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்துச் சரக்கு. பன்றியின் தலைக்கறியைக் காதோடு சேர்த்து வேகவைத்து, கரி நெருப்பில் வாட்டி, பொடியாகக் கொத்தி, வெங்காயம், பச்சை மிளகாய், ஈரல் எல்லாம் போட்டு, கலமான்சி என்கிற குட்டி எலுமிச்சையைப் பிழிந்து, காய்ந்த இரும்புத் தட்டில் சுர்ரென்று கொண்டுவந்து வைப்பார்கள். ஆஞ்செலஸ் நகரத்தில் கடை போட்டிருந்த லூசியா குனானன் என்ற அம்மாதான் 1970களில் இதை இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார் என்பது ஊர்ப் பேச்சு. பக்கத்திலிருந்த கிளார்க் அமெரிக்க விமானப்படைத் தளத்தில் வேண்டாம் என்று தள்ளிய பன்றித்தலைகள்தான் மூலதனமாம்.

இங்கே கலிபோர்னியாவில் பல கடைகளில் தலைக்குப் பதில் தோள்பட்டைக் கறி. காது கடிபடுகிற அந்த நறநறப்பு இருக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் புதிதாகச் சாப்பிடுகிறவருக்கு அதுவே வசதி. கவுண்டர் பக்கமாக நின்று பாருங்கள். தட்டையான கல்லில் கறியைப் பரப்பி, ஓரம் கருகுகிற வரை விட்டு, கொத்து பரோட்டா மாஸ்டர் மாதிரி தட்டித் தட்டிக் கொத்துவார்கள். ஆவியில் வாட்டிய, டார்டியா என்கிற மெல்லிய மைதா ரொட்டியில் சோறு, பீன்ஸ், அதன்மேல் இந்தக் கறி, சல்சா என்கிற தக்காளி–மிளகாய்ச் சட்னி, புளித்த கிரீம் என்று வைத்து, ஓரங்களை மடக்கி உருட்டி, அலுமினியத் தாளில் இறுக்கிக் கொடுப்பார்கள். சோற்றுக்குப் பதில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்தால் அதற்கு கலிபோர்னியா பரிட்டோ என்று பெயர். நான் சோற்றுக் கட்சி. பூண்டை எண்ணெயில் பொரித்து வதக்கிய பிலிப்பைன்ஸ் பூண்டுச் சோறு வைக்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் இந்த வகைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 2010-இல் வண்டிக் கடையாகத் தொடங்கிய ‘சென்யோர் சிசிக்’. ஆனால் இரண்டு சமையலுக்கும் உறவு அதற்கு ரொம்ப முந்தியது. ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸை மெக்சிகோவில் உட்கார்ந்துகொண்டுதான் ஆண்டார்கள். 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே கப்பல் ஓடியது. மணிலாவிலிருந்து சீனத்துப் பட்டு, பீங்கான், அகபுல்கோவிலிருந்து வெள்ளி. கூடவே மெக்சிகோவிலிருந்து மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொக்கோ எல்லாம் ஆசியாவுக்குப் போயின. மெக்சிகோவில் மக்காச்சோள மாவும் சாக்லேட்டும் கலந்து குடிக்கிற சம்புராதோ, பிலிப்பைன்ஸ் போனதும் ஒட்டரிசி போட்ட சாக்லேட் கஞ்சியாகிவிட்டது. அதற்குக் கருவாடு தொட்டுக்கொள்வார்கள். முகம் சுளிக்காதீர்கள், பழைய சோற்றுக்குக் கருவாடு வைக்கிற நாம் அதைச் சொல்லக் கூடாது.

எதிர்த்திசையில் போனதில் எனக்குப் பிடித்தது கள். அந்தக் கப்பல்களில் வந்த பிலிப்பைன்ஸ் ஆட்கள் பலர் மெக்சிகோவின் மேற்குக் கரையோரத்திலேயே தங்கிவிட்டார்கள். தென்னம்பாளையைச் சீவிக் கள் இறக்குவதை அந்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். கொலிமா நகரத்தில் இன்றைக்கும் ‘தூபா’ என்று சுரைக்குடுக்கையில் கொண்டுவந்து, வேர்க்கடலை தூவி விற்கிறார்கள்.

கலிபோர்னியாவில் இந்த இரண்டு கூட்டமும் சேர்ந்தது தோட்டக்காட்டில். 1965 செப்டம்பர் 8 அன்று டெலானோ திராட்சைத் தோட்டங்களில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பைன்ஸ் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சில நாளிலேயே சீசர் சாவேஸ் தலைமையிலிருந்த மெக்சிகன் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். 1970 வரை இழுத்த போராட்டம். அங்கிருந்த ஃபிலிப்பினோ ஹாலில் ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே பந்தியில் சாப்பிட்டவர்கள். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் சிசிக்கை டார்டியாவில் சுருட்டுவதை விளம்பரத் தந்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அதற்காக மெனுவில் இருப்பதெல்லாம் உருப்படி என்று சொல்லவில்லை. ஊதா நிறத்தில் உபே கெசடியா (சீஸ் வைத்து மடித்துச் சுட்ட டார்டியா) என்று ஒன்று வைத்திருப்பார்கள், போட்டோவுக்கு மட்டும்தான் லாயக்கு. உபே வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்துக்காரர்கள் தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற ராசவள்ளிக் கிழங்குதான். அதை உருகின சீஸோடு சேர்ப்பது அந்தக் கிழங்குக்குச் செய்கிற பாவம். அதே கிழங்கை ஓர்சாத்தா என்கிற அரிசிப் பாலில் கலந்து ஐஸ் போட்டுக் கொடுத்தால் வாங்குங்கள், அது வேற லெவல்.

காரம் பற்றி: பிலிப்பைன்ஸ் சமையலில் புளிப்பும் உப்பும்தான் முன்னால் நிற்கும். டாக்கோ என்கிற மடித்த டார்டியாவில் கோழி அடோபோ வைத்தது வாங்கினால் வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை வாசனை வரும், உறைப்பு வராது. மேஜையில் இருக்கும் சல்சாவையும், மிளகாய் ஊறிய வினிகரையும் கூச்சப்படாமல் ஊற்றிக்கொள்ளுங்கள். லும்பியா என்கிற மெல்லிய மொறுமொறு ரோலை அந்த வினிகரில் முக்கித்தான் சாப்பிட வேண்டும். கூடவே வருகிற இனிப்பு சாஸ் குழந்தைகளுக்கு.

சைவம் என்றால் ஜாக்கிரதை. டோஃபு என்கிற சோயா பனீரில் செய்த சிசிக் பல இடங்களில் உண்டு, நன்றாகவே இருக்கும். ஆனால் ‘டோஃபு’ என்று போட்டிருப்பதால் சைவம் ஆகிவிடாது. ஒரு கடையில் என் தோழி டோஃபு டாக்கோவைப் பாதிக்கு மேல் சாப்பிட்ட பிறகு, சாஸில் மீன் சாறு இருக்கிறதே என்று சாவகாசமாகச் சொன்னார்கள். பாவம், அவள் வீட்டில் முட்டை கூட வாங்க மாட்டார்கள். அதனால் ஆர்டர் கொடுக்கும் முன்பே கேளுங்கள்: பதீஸ் என்கிற மீன் சாறு இருக்கிறதா, பகோங் என்கிற இறால் விழுது இருக்கிறதா, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு போட்டிருக்கிறதா, டார்டியா எந்தக் கொழுப்பில் செய்தது. நாலுக்கும் தெளிவாகப் பதில் வராவிட்டால் மாம்பழச் சாறு குடித்துவிட்டு வேறு கடை பாருங்கள்.

சாதாரணக் கடைதான், உடை, முன்பதிவு எதுவும் வேண்டாம். கவுண்டரில் காசு கட்டும்போது டேப்லெட்டை உங்கள் பக்கம் திருப்பி டிப்ஸ் இருபது சதவீதமா இருபத்தைந்தா என்று கேட்கும், பதறாதீர்கள், குறைத்தும் போடலாம். இன்னொன்று, சிசிக்கை பார்சல் வாங்காதீர்கள். தாளுக்குள் ஆவி பிடித்து மொறுமொறுப்பு போய்விடும், வீட்டில் மறுபடி சூடு பண்ணினாலும் வராது. ஒரு ஆளுக்கு ஒரு பரிட்டோ அதிகம். இரண்டு பேர் போனால் ஒன்றை அங்கேயே பாதியாக வெட்டித் தரச் சொல்லுங்கள், கூட ஒரு தட்டு லும்பியா போதும்.