பொழுது சாய்ந்தால் வரும் அப்பா

வணக்கம் அய்யா,

பவானியில் வக்கீல் தொழிலுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஐரோப்பாவில் ஒரு சாதாரண மனிதர் தன் அரசாங்கத்தின் மேலேயே ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட முடிகிறது. நம் அரசும் ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளில் சேர்ந்திருக்கிறது. அவை எப்போதுதான் நம் அரசைக் கட்டுப்படுத்தும்? எல்லாம் வெறும் காகிதம்தானா? நம் சட்டத்தில் அந்நியருக்கு என்ன வேலை என்று என் சீனியர் கேட்கிறார். இன்னும் எழுத ஆசை. நாளைக்குள் ஒரு தறிக்காரர் மேல் அரெஸ்ட் ஈ.பி., அதாவது தீர்ப்பான கடனைக் கட்டாதவரைக் கைது செய்யக் கேட்கும் நிறைவேற்று மனு, தயார் செய்ய வேண்டும். சின்ன கேஸ்தான்.

கே., பவானி

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டாலே அரசு மற்ற நாடுகளுக்கு முன்னால் அதற்குக் கட்டுப்பட்டதுதான். உள்நாட்டில் அதுவே சட்டமாக வேண்டுமென்றால், அரசியலமைப்பின் 253வது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். இயற்றாவிட்டாலும், நம் சட்டத்துக்கு முரணாக இல்லாத இடத்தில் நீதிபதி அதைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். 1997ல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் பெண்கள் உடன்படிக்கையை வைத்து, வேலையிடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிராக விதிமுறை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது 2013ல். நடுவில் பதினாறு வருடம் அந்த விதிமுறைதான் சட்டம்.

உங்கள் சீனியர் சொல்வதை விட்டுவிடுங்கள். யாரும் நம் மேல் எதையும் திணிக்கவில்லை, குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கை 1979 ஏப்ரலில் நாமாகப் போய்ச் சேர்ந்ததுதான். ஸ்ட்ராஸ்பர்க்கிலும் எல்லாம் உடனே நடந்துவிடுவதில்லை. கைதிகளின் ஓட்டுரிமை பற்றி 2005ல் வந்த தீர்ப்புக்கு பிரிட்டன் அரைகுறையாக ஒரு வழி சொல்லவே 2017 ஆனது.

எனக்கு உறுத்தியது உங்கள் கடைசி வரி. சின்ன கேஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஆற்றுக்கு அந்தக் கரை, குமாரபாளையத்துக்காரன். எங்கள் வீட்டுக்கும் அந்தச் சின்ன கேஸ் வந்தது, 1984ல்.

அப்பாவுக்கு எட்டுத் தறி. ஒரு நூல் வியாபாரியிடம் கடனுக்குப் பாவு நூல் எடுத்து லுங்கி ஓட்டினார். சரக்குத் தேங்கியது. புரோநோட்டு கேஸ் தீர்ப்பாகி, ஈ.பி.யில் அரெஸ்ட் வாரண்ட்டும் வந்தது. பொழுது சாய்ந்த பிறகு, வாரண்ட்டோடு வரும் கோர்ட் அமீனா வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 55வது பிரிவு. எங்கள் வீட்டில் ஒருவரும் அந்தச் சட்டத்தைப் படித்ததில்லை. ஆனால் நாலு மாதம் அதன்படிதான் வாழ்ந்தோம். விடியும் முன்னால் அப்பா பழைய பாலத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய்விடுவார். அப்போது குமாரபாளையம் சேலம் ஜில்லா, பவானி பெரியார் மாவட்டம்; எங்கள் ஊர் அமீனா அங்கே வர மாட்டார். பகல் முழுக்கக் கூடுதுறை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். விளக்கு வைத்த பிறகு வருவார். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு வாசற்படியிலேயே நிற்பார்கள். எனக்குப் பதினொரு வயது. சைக்கிள் மணி கேட்டால் வயிறு கலங்கும்.

அந்த அமீனா கெட்டவர் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடிப்பார். "அண்ணன் வந்தா நான் வந்துட்டுப் போனேன்னு சொல்லுங்கம்மா" என்பார். அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு வயதான வக்கீல் அப்பாவைக் கோர்ட்டுக்கு வரச் சொன்னார். அவர் கையில் டைப் அடித்த ஒரு தீர்ப்பு இருந்தது. ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பாங்க் ஆஃப் கொச்சின், 1980 பிப்ரவரி, உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியது. நாம் உடன்படிக்கையில் சேர்ந்து பத்து மாதம்கூட ஆகவில்லை அப்போது. ஒப்பந்தக் கடனைக் கட்ட இயலவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரையும் சிறையில் வைக்கக் கூடாது என்கிறது குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11வது பிரிவு. நெருக்கடி நிலையை அறிவித்தாலும் ஓர் அரசு நிறுத்திவைக்க முடியாத சில பிரிவுகளில் அதுவும் ஒன்று, தம்பி. நெருக்கடி நிலை முடிந்து இரண்டு வருடத்தில் நம் அரசு இதில் சேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கிருஷ்ணய்யர் உடன்படிக்கையை வைத்து நம் சட்டத்தை ரத்து செய்யவில்லை. உள்நாட்டுச் சட்டம் மாறும்வரை கோர்ட்டைக் கட்டுப்படுத்துவது உள்நாட்டுச் சட்டம்தான் என்று அவரே எழுதினார். எழுதிவிட்டு, கடனுக்குக் கைது செய்ய இடம் தரும் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51வது பிரிவை, அந்த உடன்படிக்கையையும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பான அரசியலமைப்பின் 21வது பிரிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். கட்டவில்லை என்பது மட்டும் போதாது. கையில் வசதி இருந்தும் கெட்ட எண்ணத்தோடு மறுத்திருக்க வேண்டும். இல்லாதவனைப் பிடித்து உள்ளே வைக்க முடியாது என்றார். நீங்கள் கேட்ட 'எப்போது' இதுதான். ஜெனிவாவில் உள்ள ஐ.நா. அலுவலகத்திலிருந்து யாரும் புறப்பட்டு வரவில்லை.

அன்று கோர்ட்டுக்கு வெளியே டீக்கடையில் வக்கீல் அப்பாவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "முடியாதவனைக் கடனுக்காக உள்ளே வெக்கக் கூடாதுன்னு பல நாட்டு சர்க்கார் ஒத்துக்கிட்டிருக்குதுங்க. நம்ம சர்க்காரும் ஒத்துக்கிட்டிருக்குது."

அப்பா கேட்டார்: "அது நம்ம கோர்ட்டுக்குத் தெரியுமுங்களா?"

"நாம சொன்னாத்தானுங்க தெரியும்."

நீதிபதி எதிர்த்தரப்பிடம், இவருக்கு என்ன வருமானம், எதை ஒளித்து வைத்திருக்கிறார், ஆதாரம் கொடுங்கள் என்றார். கொடுக்க ஒன்றும் இல்லை. வாரண்ட் ரத்தானது. அன்றைக்கு அப்பா வெயிலோடு வீட்டுக்கு வந்தார். அம்மா பயந்துபோய்க் கதவைச் சாத்தப் போனார்கள். கடன் எங்கும் போகவில்லை. நாலு தறியை விற்றும், மிச்ச நாலை ராத்திரி பகலாக ஓட்டியும் 1991ல் கடைசித் தவணையைக் கட்டினார். உள்ளே தள்ளியிருந்தால் அந்த வியாபாரிக்கு ஒரு ரூபாய் வந்திருக்காது. உள்ளே இருப்பவருக்குச் சோற்றுப் படியும் அவரேதான் கட்டியிருக்க வேண்டும்.

உடன்படிக்கை காகிதமா என்று என்னிடம் கேட்கிறீர்கள். இரண்டு வருடமாக வக்கீலாக இருக்கும் நீங்கள் அந்த 11வது பிரிவை ஒரு தடவையாவது எடுத்துப் படித்தீர்களா? ஸ்ட்ராஸ்பர்க் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற பிள்ளைக்குத் தன் மேஜை மேல் கிடக்கும் கேஸ் கட்டுக்குள் அதே விஷயம்தான் இருக்கிறது என்று தெரியவில்லையே. எனக்குக் கோபம்தான். நல்ல பிள்ளை என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, அதனால்தான் கோபம்.

நீங்கள் கடன் கொடுத்தவரின் வக்கீல். அவருக்கும் பணம் வர வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'போதிய வசதி இருந்தும் வேண்டுமென்றே செலுத்தாமல் இருக்கிறார்' என்று ஒவ்வொரு ஈ.பி.யிலும் ஒரு வரி வருமே, பழைய மனுவிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவார்களே, அதை எழுதும் முன்னால் ஒரு நடை அந்தத் தறிக்குடோனுக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை தறி ஓடுகிறது, எத்தனை நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.