பழைய பக்கிக்கு சிபி ரேடியோ: டண்டீ தம்பிக்கு

தம்பி, இங்கே தென்னாப்பிரிக்காவில், டண்டீயில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, பழைய பெட்ரோல் ஹைலக்ஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன், ஆர்33 சாலையில் துகேலா ஃபெர்ரி பக்கம் பள்ளத்தாக்கில் இறங்கினால் போன் செத்துப்போகிறது, சிபி ரேடியோ (வண்டிக்கு வண்டி பேசும் சிறிய வயர்லெஸ்) மாட்டினால் உதவுமா, ஆண்டெனாவை எங்கே வைப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

உதவும். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 4 வாட் செட் அது. மலை மடிப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்காது. அந்தப் பள்ளத்தாக்கில் மூன்று நான்கு கிலோமீட்டர் கிடைத்தாலே சந்தோஷப்படுங்கள். இரண்டு மூன்று வண்டி முன்னும் பின்னுமாகப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும்.

(பிக்அப்புக்கு இங்கே பக்கி என்று பெயர். ஊரில் ஒருவரைப் பார்த்து 'பக்கி' என்றால் சண்டைக்கு வருவார். இங்கே அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள்.)

செட் வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கூடப் போகிறவர்கள் எந்த பேண்டில் (அலைவரிசைத் தொகுதியில்) பேசுகிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. டர்பனுக்கு வந்த மூன்றாம் வருடம் 27 மெகாஹெர்ட்ஸ் செட் ஒன்றை மாட்டிக்கொண்டு சானி கணவாய்க்கு ஒரு குழுவோடு போனேன். வழி முழுக்க மைக்கைப் பிடித்துக் கத்துகிறேன், ஒருவர் பதில் சொல்லவில்லை. மேலே போய்த் தேநீர் குடிக்கும்போதுதான் தெரிந்தது, மற்ற எல்லோரும் 29-இல் இருந்தார்கள். இங்கே மலையேறும் குழுக்களும் வேட்டைக்காரர்களும் 29 மெகாஹெர்ட்ஸைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். ஆண்டெனாவும் மாறும்: முழு ஆண்டெனாவின் நீளம் அலைநீளத்தில் கால் பங்கு, அது 27-க்கு ஏறக்குறைய 2.75 மீட்டர், 29-க்கு 2.5 மீட்டர். கடையில் கிடைக்கும் குட்டை ஆண்டெனாவில் சுருள் வைத்து நீளத்தை ஈடுகட்டியிருப்பார்கள், அதுவும் ஒரு பேண்டுக்குத்தான். அலைவரிசைக்கு இங்கே அதிகாரம் இக்காசா என்கிற அரசு அமைப்பு. அதன் ஒப்புதல் உள்ள செட்டாகப் பார்த்து வாங்கி, உரிமத்தையும் இக்காசாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். விசாவில் இருக்கிற நமக்கு வம்பு வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து மலிவாக ஒன்றைப் பெட்டியில் போட்டு வரும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

கரண்ட்டை சிகரெட் லைட்டரிலிருந்து எடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக இரண்டு ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். தகரத்தைத் துளைத்து ஒயர் உள்ளே வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தில் தோல் உரிந்து ஷார்ட் ஆகும்.

இனி ஆண்டெனா. நல்ல இடம் கேபின் கூரையின் நடு. துளை போட மனசு வராவிட்டால் காந்த அடி வைத்த ஆண்டெனா போதும், ஆனால் கூரை இரும்பாக இருக்க வேண்டும். பின்னால் ஃபைபர் கேனப்பி (தொட்டி மேல் மூடி) இருந்தால் அதன் மேல் வைப்பது வீண். பழைய பக்கியில் கூரையோரம் மழைநீர் வடியும் தகர விளிம்பு இருக்கும், அதில் கவ்வும் மவுண்ட் கிடைக்கிறது. நான் அதைத்தான் போட்டேன். போட்டு, எஸ்டபிள்யூஆர் மீட்டரை (அனுப்பும் சக்தி ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும், 1-ஐ நெருங்கினால் நல்லது) வைத்துப் பார்த்தால் முள் 3-ஐத் தாண்டி நிற்கிறது. செட்தான் கோளாறு என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன், பாவம் அவர்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் என் பக்கத்து வீட்டு அங்கிள் ஓய்வு பெற்ற மெக்கானிக். கொள்ளுத்தாத்தா காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். தமிழில் அவருக்குத் தெரிந்தது தேவாரமும் மசாலா சாமான் பெயர்களும்தான். வந்து மவுண்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கழற்றச் சொன்னார். அடியில் மூன்று அடுக்குப் பெயிண்ட், அதற்குக் கீழே துரு. உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு முடுக்கினார். முள் 2-க்கு வந்தது. அடுத்து, கேபினும் பின் தொட்டியும் சேசிஸில் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன, கரண்டுக்கு அவை தனித்தனித் தீவு என்றார். பழைய பேட்டரி எர்த் பின்னல் பட்டையை வெட்டி கேபினுக்கும் சேசிஸுக்கும் ஒன்று, தொட்டிக்கு ஒன்று, பானட்டுக்கு ஒன்று. முள் 1.4. தேய்த்த இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவிவிட்டார், டர்பன் உப்புக்காற்றுக்கு.

அதனால் எர்த்தை முடித்த பிறகே ஆண்டெனா நீளத்தைத் தொடுங்கள். கீழ்ச் சேனலில் முள் அதிகமாக இருந்தால் ஆண்டெனா குட்டை, மேல் சேனலில் அதிகமாக இருந்தால் நீளம். நீளமானால் மில்லிமீட்டர் கணக்கில் குறையுங்கள், வெட்டியதை ஒட்ட முடியாது. 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். ஆண்டெனா இல்லாமல் மைக் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள், உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும்.

ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க செட்டில் கீச்சுக் குரல் உயர்ந்தால் அது ஆல்டர்னேட்டர். டக் டக்கென்று வந்தால் ஸ்பார்க் பிளக். உங்கள் பிளக் எண்ணில் 'ஆர்' எழுத்து இருக்கிறதா பாருங்கள், அதுதான் ரெசிஸ்டர் பிளக். இல்லையென்றால் பிளக்கையும் லீடையும் மாற்றுங்கள்.

டண்டீயில் மெக்கானிக்கிடம் விட்டால், 'ஜஸ்ட் நவ்' செய்கிறேன் என்பார். அதற்கு இப்போது என்று அர்த்தம் இல்லை, என்றைக்காவது என்று அர்த்தம். 'நவ் நவ்' என்றால் கொஞ்சம் நம்பிக்கை. வேலை முடிந்ததும் செட்டையும் மைக்கையும் சட்டென்று கழற்றி எடுக்கிற மாதிரி பிராக்கெட்டில் வையுங்கள். ஊருக்குள் நிறுத்தினால் கையோடு எடுத்துப் போங்கள், கண்ணாடி மிஞ்சும்.

மீட்டர் வாங்க வேண்டாம். காவடிக்கு டர்பன் வருவீர்கள் அல்லவா, என்னுடையதை எடுத்துப் போங்கள். அதன் ஒயர் ஒன்று லூஸ், லேசாக வளைத்துப் பிடித்தால்தான் முள் காட்டும்.