இடது கன்னம் மட்டும் ஏன் கூடக் கறுக்கிறது?

கேள்வி: தருமபுரத்திலிருந்து பரந்தன் வழியாகக் கிளிநொச்சிக்கு ஸ்கூட்டியில் வேலைக்குப் போய் வருகிறேன். கிழமையில் இரண்டு நாள் மத்தியானம் வயல் பக்கம் வெளிக்கள வேலையும் இருக்கும். போன வருசம் நல்ல விலை கொடுத்து எஸ்.பி.எஃப் 50 சன்கிறீம் ஒன்று வாங்கினேன். 50 மி.லீ ரியூப், ஐந்து மாதம் வந்தது. ஆனாலும் கன்னம் கறுத்துவிட்டது, இடது பக்கம் இன்னும் கூட. அதன் மேல் பவுண்டேஷன் போட்டால் திரிதிரியாக உருள்கிறது, பவுடர் போட்டால் முகம் சாம்பல் பூத்தது போலாகிறது. கையைக் கடிக்காத விலையில் எதை வாங்கலாம்? மேக்கப்போடு எப்படிப் பூசுவது?

பதில்: தங்கச்சி, "ஐந்து மாதம் வந்தது" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பிரச்சினையே அதில்தான் இருக்கிறது. முகத்துக்கு மட்டும் ஒரு தடவைக்குக் கிட்டத்தட்ட கால் தேக்கரண்டி, அதாவது 1.25 மி.லீ வேண்டும். அந்தக் கணக்கில் 50 மி.லீ ரியூப் நாற்பது நாளில் முடிந்துவிட வேண்டும். நீங்கள் பூசியது அதில் கால்வாசி. பெட்டியில் உள்ள 50 என்ற எண், தோலின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் 2 மில்லிகிராம் பூசிச் சோதித்துப் பெற்ற எண். மூக்கில் ஒரு பொட்டு, கன்னத்தில் ஒரு பொட்டு என்று வைத்துத் தேய்த்தால் அந்தக் காவல் கிடைக்காது. கரண்டி தேடி மினைக்கெடாமல், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிழியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது போதும். சாரி கட்டுகிற நாளில் பிடரிக்கும் முதுகின் மேல் பக்கத்துக்கும் இன்னும் கொஞ்சம் வேண்டும்.

இடது கன்னத்துக்கு வருவோம். காலையில் பரந்தன்வரை மேற்கே போகிறீர்கள், வெய்யில் முதுகில். பரந்தனில் ஏ-9 வீதியில் தெற்கே திரும்பியதும் கிழக்கு வெய்யில் இடது கன்னத்தில். பின்னேரம் அதே வீதியில் வடக்கே வரும்போது மேற்கு வெய்யில், அதுவும் இடது கன்னத்தில்தான். காலை மாலை வெய்யிலில் தோலை எரிக்கிற யூவி-பி கதிர் குறைவு, ஆனால் தோலைக் கறுக்க வைக்கிற யூவி-ஏ கதிர் அந்த நேரத்திலும் இருக்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுங்கள், தூசிக்கும் நல்லது.

ஆகவே வாங்கும்போது எஸ்.பி.எஃப் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். அது யூவி-பிக்கு உரிய எண். ஒழுங்காகப் பூசினால் 30 சுமார் 97 வீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98 வீதத்தை. அந்த ஒரு வீதத்துக்காக இரண்டு மடங்கு காசு கொடுக்க வேண்டியதில்லை. யூவி-ஏக்கு பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி என்று பாருங்கள், குறைந்தது மூன்று இருக்கட்டும். சில பெட்டிகளில் யூவிஏ என்று ஒரு வட்டத்துக்குள் இருக்கும், அதுவும் சரி. விலையை மி.லீயால் பிரித்துப் பாருங்கள். சின்ன ரியூப் மலிவு போலத் தெரியும், கணக்குப் பார்த்தால் பெரியதுதான் அநேகமாக இலாபம். முதல் தடவை மட்டும் சின்னதை வாங்கி, தாடை ஓரத்தில் இரண்டு நாள் பூசிப் பாருங்கள். கடித்தால் அல்லது பரு எழும்பினால் நட்டம் கொஞ்சம்தான். என்னைக் கேட்டால், தாராளமாகப் பூச மனம் வருகிற சாதாரணக் கிறீம், கஞ்சத்தனமாகப் பூசுகிற விலை கூடியதைவிட எவ்வளவோ மேல்.

சாம்பல் பூப்பது சிங்க் ஒக்சைட், டைட்டானியம் டயொக்சைட் போட்ட வெள்ளைக் கிறீம்களால். நம் நிறத்தில் அது பளிச்சென்று தெரியும், மேலே பவுடரும் விழுந்தால் கேட்கவே வேண்டாம். ஜெல் வகை அல்லது மண்ணிறச் சாயம் கலந்தது எடுங்கள். சாயம் கலந்ததில் இன்னொரு இலாபமும் உண்டு. அதிலுள்ள இரும்பு ஒக்சைட், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் மறிக்கும். கறுத்த தோலில் கறுப்புத் திட்டு விழுவதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம், சாதாரண சன்கிறீம் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. உங்கள் பவுண்டேஷனின் நிறமும் பெரும்பாலும் இதே இரும்பு ஒக்சைட்தான், அதனால் மேக்கப்பை விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பவுண்டேஷனில் எஸ்.பி.எஃப் 15 என்று இருந்தால் 30 உம் 15 உம் 45 என்று கூட்டாதீர்கள். காவல் அப்படிக் கூடிவராது.

உருள்வதற்குக் காரணம் அவசரம். முகம் கழுவி, தோல் வறண்டிருந்தால் மட்டும் மெல்லிய மொயிஸ்சரைசர். பிறகு சன்கிறீம், ஒரு கோட்டைப் பூசி அது படிந்ததும் அடுத்த கோடு. அப்புறம் பத்துப் பதினைந்து நிமிசம் முகத்தைத் தொடாதீர்கள். தலை வாருங்கள், சாப்பாட்டைக் கட்டுங்கள். விரல் வைத்தால் வழுக்காத பதம் வந்த பிறகு பவுண்டேஷன். இழுத்துத் தேய்த்தால் கீழே உள்ள சன்கிறீமும் சேர்ந்து வரும். ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி வையுங்கள், கொஞ்சமாக. இவ்வளவுக்குப் பிறகும் உருண்டால் இரண்டுக்கும் ஒத்துவரவில்லை. தண்ணீர் போன்ற ஜெல்லின் மேல் சிலிக்கோன் கூடிய பிறைமரோ (பவுண்டேஷனுக்கு முன் பூசுவது) பவுண்டேஷனோ போனால் அப்படி நடக்கும். பிறைமரை விட்டுப் பாருங்கள், அநேகமாகச் சரிவரும்.

வெளிக்கள நாள் வேறு கதை. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருக்கும் நேரம் கடும் வெய்யில். ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் கிளிநொச்சியில் மத்தியான நிழல் காலடியிலேயே விழும். வியர்வையில் எந்தக் கிறீமும் கனநேரம் நிற்காது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். மேக்கப்புக்கு மேலே என்றால், ரிசுவால் வியர்வையை ஒற்றி எடுத்து, உலர்ந்த பஞ்சில் சன்கிறீம் எடுத்து அழுத்தி அழுத்தி வையுங்கள். எஸ்.பி.எஃப் பவுடரை மட்டும் நம்ப வேண்டாம், முகத்தில் விழுகிற அளவு போதாது. ஆனால் வரம்பில் நின்று இந்த வேலை செய்வது சிரமம்தான். அந்த இரண்டு நாளும் பவுண்டேஷனுக்கு ஓய்வு கொடுங்கள். சாயம் கலந்த சன்கிறீம், கண்ணுக்கு மை, பொட்டு, அகலத் தொப்பி அல்லது குடை. வடிவுக்கு ஒரு குறையும் வராது.

ஏற்கெனவே விழுந்த கறுப்பு மாற மாதங்கள் எடுக்கும். பொறுமை இழந்து, இறக்குமதியாளர் பெயரும் காலாவதித் திகதியும் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம் டப்பாக்களை வாங்கிவிடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் பாதரசமோ ஸ்ரெறொயிட்டோ கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. ஒரு கிழமையில் முகம் பளபளக்கும், போகப் போகத் தோல் மெலிந்து, வெய்யில் பட்டாலே எரியும். இப்போது அப்படி ஏதாவது பூசிக்கொண்டிருந்தால் டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரச ஆசுப்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போங்கள், அங்கே காசு இல்லை.

இன்னொன்று, ரியூப்பை ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் கிறீம் திரிந்துவிடும். பிழியும்போது முதலில் எண்ணெயும் பிறகு கட்டியும் வந்தால் எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.